பாரி–ரூபே: கல்பாதை ஓரத்தில் நிற்கப் போகிறவர்களுக்கு

கிரிக்கெட் மைதானத்தில் ரசிகருக்கும் ஆட்டக்காரருக்கும் நடுவே கயிறு உண்டு, வேலி உண்டு, காவலரும் உண்டு. பாரி–ரூபே சைக்கிள் பந்தயத்தில் பெரும்பாலான இடங்களில் இவை எதுவும் கிடையாது. வீரரின் தோளுக்கும் உங்கள் தோளுக்கும் இடையே ஒரு முழ இடைவெளி இருக்கும், அவ்வளவுதான். அந்த ஒரு முழத்தைக் காக்கத் தெரிந்தவரே நல்ல ரசிகர் என்பது என் கருத்து.

நான் லில் நகரில் சைக்கிள் பழுதுபார்க்கும் பட்டறையில் வேலை செய்கிறேன். ஏப்ரல் நெருங்கினால் பாரிசிலிருந்து தமிழ் நண்பர்கள் அழைத்து, எங்கே நிற்பது, எப்போது வருவது, என்ன கொண்டு வருவது என்று கேட்பது வழக்கம். அவர்களுக்குச் சொல்வதையே இங்கே எழுதுகிறேன்.

முதலில் பாதையைப் பற்றி. பெயரில் பாரிஸ் இருந்தாலும் 1977 முதல் பந்தயம் கொம்பியேன் நகரில்தான் தொடங்குகிறது. பாரிசுக்கு வடக்கே சுமார் 80 கிலோமீட்டர் தள்ளி இருக்கிற ஊர் அது. அங்கிருந்து பெல்ஜிய எல்லையை ஒட்டிய ரூபே வரை, ஒரே நாளில், சுமார் 260 கிலோமீட்டர். முதல் நூறு கிலோமீட்டர் வரை பெரும்பாலும் நல்ல தார்ச்சாலை. த்ருவாவில் என்ற சிற்றூரை நெருங்கும்போது கல்பாதை ஆரம்பமாகிறது. அதன் பிறகு ஏறக்குறைய முப்பது துண்டுகளாக, மொத்தம் 55 கிலோமீட்டர் அளவுக்குக் கல்லின் மேல்தான் ஓட்டம். அறுவடை ஏற்றிய டிராக்டர்கள் போய்வருகிற வயல்வழிகள் இவை. ஒரு கல் மேடு, அடுத்த கல் பள்ளம், நடுவில் கைவிரல் நுழையும் இடுக்கு. துண்டுகளுக்கு எண்கள் இறங்குமுகமாகப் போகின்றன. ரூபே நகருக்குள் இருக்கும் கடைசித் துண்டுதான் ஒன்றாம் எண். கடுமையைக் குறிக்க ஒன்றிலிருந்து ஐந்து வரை நட்சத்திரம் இடுகிறார்கள். வரைபடம் பார்க்கும்போது எண்ணையும் நட்சத்திரத்தையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

1896-இல் முதல் பந்தயத்தை நடத்தியவர்கள் ரூபேயின் இரண்டு ஆலை முதலாளிகள். தாங்கள் கட்டிய சைக்கிள் ஓட்டத்திடலுக்குக் கூட்டம் சேர்க்க வேண்டும் என்பது அவர்கள் நோக்கம். ஜெர்மானியரான ஜோசப் ஃபிஷர் அதில் வென்றார். முதல் உலகப் போர் முடிந்து 1919-இல் பாதையைப் பார்வையிட வந்தவர்கள் குண்டு துளைத்த நிலத்தையும் இடிந்த ஊர்களையும் கண்டு எழுதியதிலிருந்துதான் 'வடக்கின் நரகம்' என்ற பெயர் நிலைத்தது. இந்தப் பெயரைக் கற்களின் கொடுமையோடு மட்டும் சேர்த்துப் பேசுகிறவர்கள் பலர். இங்குள்ள பெரியவர்களுக்கு அது போரின் நினைவு. பேச்சில் அதை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

எங்கே நிற்பது

ஐந்து நட்சத்திரத் துண்டுகள் மூன்று: அரன்பேர் காடு, மோன்ஸ்-ஆன்-பெவேல், கர்ஃபூர் தெ லார்ப்ர். முதன்முறை வருகிற எல்லாரும் அரன்பேர்தான் வேண்டும் என்கிறார்கள். அந்த ஆசையில் நியாயம் இருக்கிறது. காட்டைப் பிளந்துகொண்டு நேர்கோடாக ஓடும் 2,300 மீட்டர் கல்பாதை அது. அதன் அடியில் நிலக்கரிச் சுரங்கங்கள் இருந்தன. அந்தச் சுரங்கத்தில் வேலை பார்த்துப் பின்னர் சைக்கிள் வீரரான ஜான் ஸ்தாப்லின்ஸ்கி சொன்ன யோசனையின்பேரில்தான் 1968-இல் இந்தப் பாதை பந்தயத்தில் சேர்க்கப்பட்டது. அவருக்கு அங்கே நினைவுக்கல் இருக்கிறது. பழைய சுரங்கக் கோபுரங்களும் நிற்கின்றன. காலையிலேயே போய் அவற்றைப் பார்த்துவிடுங்கள்.

ஆனால் அரன்பேரில் நிற்பதற்கு முன் இரண்டு விஷயங்களைத் தெரிந்துகொள்ளுங்கள். அங்கே தடுப்புக்கம்பிகள் உண்டு, முதல் வரிசை காலையிலேயே நிறைந்துவிடும். அடுத்து, அங்கிருந்து ரூபேக்கு இன்னும் சுமார் 95 கிலோமீட்டர் இருக்கிறது. பந்தயத்தை இழந்தவர் யார் என்பது அங்கே தெரியும். வெல்லப் போகிறவர் யார் என்பது தெரியாது. 1998-இல் பெல்ஜிய வீரர் யோஹான் முசேவ் அங்கே விழுந்ததில் அவர் முழங்கால் சில்லு நொறுங்கியது. காயம் அழுகி, காலையே எடுக்க வேண்டி வருமோ என்ற நிலை. 2000-இல் அவர் இதே பந்தயத்தில் வென்று, கோட்டைக் கடக்கும்போது அந்தக் காலைத் தூக்கி முழங்காலைச் சுட்டிக்காட்டினார். அரன்பேர் ஓரத்தில் நிற்கும் மூத்த ரசிகர்கள் எல்லாருக்கும் அந்த முழங்கால் நினைவிருக்கிறது. அதனால்தான் வீரர்கள் காட்டுக்குள் நுழையும் நொடியில் ஆரவாரத்தோடு ஒரு பதைப்பும் சேர்ந்து கேட்கிறது.

என்னைக் கேட்டால், போட்டியின் உயிர் இருப்பது கர்ஃபூர் தெ லார்ப்ரில். க்ருய்சோன் ஊரருகே, முடிவுக்கு சுமார் 17 கிலோமீட்டர் முன்னால், 2,100 மீட்டர் நீளம். மரமோ மறைவோ இல்லாத வெட்டவெளி. தூரத்தில் தூசி எழும்போதே யார் முன்னால் வருகிறார் என்று ஊகிக்கத் தொடங்கிவிடலாம். ஆட்கள் தனித்தனியாக, களைப்பு முகத்தில் தெரிய வருவார்கள். ஒவ்வொருவரையும் பார்க்க நேரம் கிடைக்கும். கூட்டம் அதிகம், குடித்தவர்களும் அதிகம். குழந்தைகளோடு வருகிறவர்கள் சாலை முடியும் கோடிக்குப் போகாமல் நடுப்பகுதியில் நில்லுங்கள்.

கூட்டமே வேண்டாம் என்றால் தாம்பலவ் அல்லது ஓர்ஷி. இரண்டு ஊர்களுக்கும் லில்லிலிருந்து ரயில் இருக்கிறது, நிலையத்திலிருந்து நடந்தே கல்பாதைக்குப் போய்விடலாம். நட்சத்திரம் குறைவு என்பதால் வெளியூர்க்காரர்கள் வரமாட்டார்கள். ஊர்க்காரர்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்கள். இடம் கேட்டால் தருவார்கள். பாரிசிலிருந்து ஒருநாள் பயணமாக வருகிற குடும்பங்களுக்கு நான் சொல்வது இதைத்தான். லில்லில் வாடகைச் சைக்கிள் எடுத்துக்கொண்டு போவது எல்லாவற்றிலும் மேல். சாலைகளை மணிக்கணக்கில் மூடிவிடுவதால் கார் எங்காவது வரப்போரம் அகப்பட்டுக்கொள்ளும்.

எப்போது போவது, என்ன கொண்டு போவது

பந்தயம் ஒவ்வொரு துண்டையும் எந்த நேரத்தில் அடையும் என்று அமைப்பாளர்கள் மெதுவான கணக்கு, நடுத்தரக் கணக்கு, வேகமான கணக்கு என்று மூன்றாகப் பிரித்து அட்டவணை வெளியிடுவார்கள். வேகமான கணக்கை மட்டும் பாருங்கள். அதற்கும் ஒரு மணி நேரம் முன்னதாகவே இடத்தில் இருங்கள். பின்காற்று அடித்தால் அட்டவணை எல்லாம் பொய்த்துப்போகும். 2024-இல் மாத்தியூ வான் டெர் பூல் வென்றபோது சராசரி வேகம் மணிக்கு 47.8 கிலோமீட்டர். தார்ச்சாலையில் அல்ல, இத்தனை கல்லையும் சேர்த்து.

வெயில் நாளில் கல்பாதை முழுக்கத் தூசி. மூக்கையும் வாயையும் மூட ஒரு துணி, கண்ணுக்குக் கண்ணாடி, குழந்தைகளுக்கு நிறையத் தண்ணீர். மழை நாளில் முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் இல்லாமல் போகாதீர்கள். 2021 பந்தயம் கொரோனாவால் அக்டோபருக்குத் தள்ளிப்போய் மழையில் சிக்கியது. 2002-க்குப் பிறகு வந்த முதல் ஈரப் பந்தயம் அதுதான். சோனி கோல்பிரெல்லி சேற்றில் புரண்டெழுந்த உருவமாக வென்று, புல்லில் விழுந்து கத்தி அழுதார். சீருடை நிறமே தெரியாததால், வந்தவர் யார் என்று ஓட்டும் தோரணையை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

உணவுக்குக் கவலை இல்லை. முக்கியமான துண்டுகளில் உருளைக்கிழங்கு வறுவல் வண்டிகள் வந்துவிடும். மரக்கறி மட்டும் உண்பவர்கள் எலுமிச்சைச் சோறு கட்டிக்கொண்டு வாருங்கள். வெயிலில் கெடாது, கையில் எண்ணெய் ஒட்டினாலும் பரவாயில்லை. கொண்டுவந்த பிளாஸ்டிக் பை எதுவும் காற்றில் பறக்கக் கூடாது. இதை நான் வேண்டுகோளாகச் சொல்லவில்லை, கட்டாயமாகச் சொல்கிறேன். 1988-இல் தாமஸ் வெக்முல்லர், டிர்க் தெமோல் என்ற இரண்டு பேர் அன்று முழுக்க முன்னணியில் ஓட்டி ரூபேயை நெருங்கியபோது, சாலையில் கிடந்த ஒரு பிளாஸ்டிக் பை வெக்முல்லரின் கியர் மாற்றியில் சுற்றிக்கொண்டது. அதன் பிறகு அவரால் கியர் மாற்ற இயலவில்லை. கடைசி ஓட்டத்தில் தெமோல் வென்றார். இருநூறு கிலோமீட்டருக்கு மேல் உழைத்த ஒரு மனிதனின் வாழ்நாள் வாய்ப்பு, யாரோ விட்ட ஒரு பையில் போயிற்று. கியர் மாற்றியில் நூல் சிக்கினாலே அவிழ்க்கப் பட்டறையில் எனக்கு ஐந்து நிமிடம் ஆகிறது.

கால் எங்கே இருக்க வேண்டும்

இது பட்டறைக்காரனாக எனக்கு மிகவும் முக்கியமான பகுதி. பொறுமையாகப் படியுங்கள்.

கல்பாதையின் நடுப்பகுதி சற்று உயர்ந்து முதுகு போல இருக்கும். இரு ஓரங்களும் தாழ்ந்திருக்கும். டிராக்டர் சக்கரங்கள் போகிற இடம் பள்ளமாகியிருக்கும். வீரருக்கு ஓட்டத் தகுந்த இடங்கள் இரண்டுதான். நடு முதுகு ஒன்று. கல்லுக்கும் புல்லுக்கும் நடுவே இருக்கிற மண் விளிம்பு மற்றொன்று. உலர்ந்த நாளில் மண் விளிம்புதான் மென்மை. டயர் கல்லில் குதிக்காது, கை நடுங்காது, ரிம் அடிவாங்காது. வேகமாகப் போக நினைக்கிற ஒவ்வொருவரும் அங்கேதான் இறங்குவார்கள். ரசிகர் நிற்பதும் அதே விளிம்பில்தான். நீங்கள் ஓரத்தில் நிற்பதாக நினைக்கிறீர்கள். வீரருக்கோ நீங்கள் நிற்பது சாலையின் நடுவில்.

2013-இல் கர்ஃபூர் தெ லார்ப்ரில் முன்னணியில் நான்கு பேர் இருந்தார்கள். ஃபாபியன் கன்செலாரா, செப் வான்மார்க்கே, ஸ்டைன் வாண்டென்பெர்க், ஸ்தெனெக் ஷ்டிபார். பின் இருவரும் ஒரே அணி. முதலில் வாண்டென்பெர்க் ஒரு பார்வையாளர் மேல் மோதி விழுந்தார். கொஞ்ச தூரத்தில் ஷ்டிபார் மற்றொருவர் மேல் இடித்து, பெடலிலிருந்து கால் கழன்று, முன்னால் இருப்பவரைத் தவறவிட்டார். ஓர் அணியின் இரண்டு வாய்ப்புகளும் ஒரே துண்டில், ரசிகர்களின் உடம்பில் பட்டு முடிந்தன. மீதி இருந்த இருவரில் கன்செலாரா வென்றார். யாரும் கெட்ட எண்ணத்தோடு நிற்கவில்லை. இன்னும் கொஞ்சம் நன்றாகப் பார்க்கலாம் என்று அரை அடி முன்னால் வந்தார்கள், அவ்வளவே.

ஆகவே, உலர்ந்த நாளில் உங்கள் இரண்டு பாதங்களும் புல்லில் இருக்கட்டும். மண் வரியில் ஒரு விரல்கூட வேண்டாம். வளைவின் வெளிப்பக்கம் நிற்கவே நிற்காதீர்கள். வழுக்கியவர்கள் வந்து விழுவது அங்கேதான். 2025-இல் முதன்முறை வந்த ததேய் பொகாச்சார், முடிவுக்கு 38 கிலோமீட்டர் இருக்கையில், ஒரு வளைவைத் தவறாகக் கணித்துத் தடுப்பில் மோதினார். உலகிலேயே சிறந்தவர் என்று பலர் மதிக்கும் வீரருக்கே அப்படி நேர்ந்தது. முதுகுப்பையை முதுகில் போடாதீர்கள், காலடியில் வையுங்கள். நீங்கள் திரும்பும்போது அது சாலைக்குள் நீளும். நாயைக் கூட்டிவர வேண்டாம். கொடி பிடிப்பவர்கள் பின்வரிசைக்குப் போங்கள். கொடித்துணி ஹேண்டில்பாரில் சிக்கினால் விழுவது ஒருவர் மட்டுமல்ல.

கைபேசியைப் பற்றியும் சொல்ல வேண்டும். திரையில் பார்க்கும்போது வீரர் இருக்கும் தூரத்தைவிடத் தள்ளி இருப்பதாகத் தோன்றும். கையை நீட்டிப் படம் எடுப்பதும், சாலைக்கு முதுகு காட்டித் தன்படம் எடுப்பதும் கூடவே கூடாது. 2021 டூர் தெ ஃபிரான்ஸின் முதல் நாளில் தொலைக்காட்சி கேமராவுக்கு ஓர் அட்டையைக் காட்டிக்கொண்டு சாலைக்குள் வந்த பெண்ணால் வீரர் கூட்டமே சரிந்தது நினைவிருக்கும். அவர் பார்த்துக்கொண்டிருந்தது வீரர்கள் வருகிற பக்கத்தை அல்ல. நீதிமன்றம் அவருக்கு 1,200 யூரோ அபராதம் விதித்தது.

அவர்கள் வரும்போது

முதலில் காவல்துறை மோட்டார் சைக்கிள்கள். பிறகு விளம்பர வண்டிகள், அமைப்பாளர்களின் கார்கள். ஹெலிகாப்டர் சத்தம் கேட்டால் இன்னும் சில நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் கற்கள் மேல் சக்கரங்கள் கடகடக்கும் ஒலி. அது கேட்டதும் பேச்சை நிறுத்திவிட்டுப் பின்னால் நகருங்கள்.

முதல் கூட்டம் போனதும் அனுபவமில்லாதவர்கள் சாலையில் இறங்கி எட்டிப் பார்ப்பார்கள். மிக ஆபத்தான நொடி அதுதான். பின்னாலேயே அணிக் கார்கள் கூரையில் சைக்கிள்களோடு பாய்ந்து வரும். தூசியில் ஓட்டுநருக்கு உங்களைத் தெரியாது. அவற்றுக்கு இடையில் தனித்துவிடப்பட்ட வீரர்களும் இருப்பார்கள். எல்லாம் முடியும் வரை புல்லிலேயே நில்லுங்கள்.

இனி, கத்துவது. தாராளமாகக் கத்துங்கள்! இந்த மண்ணில் அமைதியாக நிற்பவரைத்தான் வினோதமாகப் பார்ப்பார்கள். 'அலே! அலே!' (போ! போ!) என்பது போதும். பெயர் தெரிந்தால் பெயரைச் சேருங்கள். வீரர்கள் தம் பெயரைக் கேட்கும்போது தலை நிமிர்வதை நானே கண்டிருக்கிறேன். கர்ஃபூருக்கு என்னோடு வருகிற, பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் பகுதிப் பெரியவர் ஒருவர், கறுப்புச் சிங்கம் போட்ட மஞ்சள் கொடியைத் தோளில் போர்த்திக்கொண்டு நிற்பார். தன் ஊர் வீரனுக்கு அவர் எழுப்பும் குரல் எவ்வளவோ, அதே அளவு போட்டியாளனுக்கும் எழுப்புவார். "இந்தக் கல்லில் வருகிறவன் எவனும் எனக்கு எதிரி அல்ல" என்று அவர் சொல்வதை நான் என் நண்பர்களுக்கு அப்படியே கடத்துகிறேன்.

இதற்கு நேர்மாறாக நடப்பவர்களும் இருக்கிறார்கள். 2024-இல் வான் டெர் பூலின் சக்கரத்தை நோக்கி ஒருவர் தொப்பியை எறிந்தார். 2025-இல் அவர் தனியாக முன்னணியில் போய்க்கொண்டிருந்தபோது, தாம்பலவ் அருகே, நிறைந்த தண்ணீர்க்குப்பி ஒன்று அவர் முகத்தில் வந்து மோதியது. எறிந்தவர் பின்னர் பெல்ஜியக் காவல்துறையிடம் போய் ஒப்புக்கொண்டார். அந்த இரண்டு ஆண்டும் வான் டெர் பூல்தான் வென்றார், 2023-ஐயும் சேர்த்தால் தொடர்ந்து மூன்று முறை. அவர் வென்றுவிட்டார் என்பதால் எறிந்தது சிறியதாகிவிடாது. மணிக்கு நாற்பது கிலோமீட்டரில் கல்மேல் போகிறவர் மீது அரைக் கிலோ எடையை வீசுவது தாக்குதல், வேறொன்றும் இல்லை. ஒரு வீரரைப் பிடிக்காமல் போவது இயல்பு. அலுப்பூட்டும் அளவுக்கு ஒருவரே வென்றால் எரிச்சலும் வரும். அந்த எரிச்சலுக்கு உங்களிடம் ஒரு நல்ல ஆயுதம் இருக்கிறது: அவரைத் துரத்தி வருகிறவருக்கு இரண்டு மடங்கு கத்துங்கள். உங்கள் பக்கத்தில் யாராவது குப்பியையோ பீர்க் குவளையையோ ஓங்கினால் கையைப் பிடித்து நிறுத்துங்கள். நான் தயங்குவதில்லை, நீங்களும் தயங்காதீர்கள்.

தள்ளிவிடுவதும் வேண்டாம். அன்பினால்தான் செய்கிறார்கள், எனினும் களைத்த வீரரின் சமநிலை கைபட்டால் குலைந்துவிடும்.

யாராவது விழுந்தால்

உங்கள் முன்னால் விழுகை நடந்தால், விழுந்தவரைத் தூக்க ஓடாதீர்கள். இருபது மீட்டர் பின்னால், அதாவது வீரர்கள் வருகிற திசையில், புல்லோரமாக ஓடி இரண்டு கைகளையும் உயர்த்தி அசையுங்கள். பின்வருகிறவர்களை எச்சரிப்பதுதான் முதல் உதவி. விழுந்தவர் தானே எழுந்தால் சைக்கிளை எடுத்துக் கையில் கொடுங்கள். சங்கிலி கழன்றிருந்தால் அவர் கேட்டால் மட்டும் தொடுங்கள். எழவில்லை என்றால் அசைக்காதீர்கள். மருத்துவக் கார்கள் வரிசையிலேயே வருகின்றன, கையசைத்து நிறுத்தி இடம் விடுங்கள். கேமராவைக் கீழே இறக்குங்கள்.

2018-இல் மைக்கேல் ஹோலார்ட்ஸ் என்ற 23 வயது பெல்ஜிய இளைஞர் தொடக்கத் துண்டுகளில் ஒன்றில் மாரடைப்பால் சாய்ந்தார். அன்றிரவே லில் மருத்துவமனையில் இறந்துபோனார். அந்தத் துண்டு இப்போது அவர் பெயரால் அழைக்கப்படுகிறது, ஓரத்தில் நினைவுக்கல் இருக்கிறது. அந்தப் பக்கம் போகிறவர்கள் ஒரு நிமிடம் நின்றுவிட்டுப் போங்கள்.

கடைசி ஆள் வரும் வரை

வெற்றிக்குப் போட்டியிடுபவர்கள் போனதும் பாதிக் கூட்டம் தொலைபேசியில் முடிவைப் பார்க்க வறுவல் வண்டியருகே ஒதுங்கிவிடும். நீங்கள் போகாதீர்கள். அதன் பிறகு வருகிறவர்கள்தான் உங்கள் குரலை உண்மையில் கேட்கிறவர்கள். பஞ்சர் ஆனவர்கள், அணித்தலைவனுக்குத் தன் சக்கரத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டு நின்றவர்கள், கை கொப்பளித்து ஹேண்டில்பாரைப் பிடிக்க முடியாதவர்கள். அவர்களுக்குப் பின்னால், கைவிட்டவர்களை ஏற்றிக்கொள்ளும் 'துடைப்ப வண்டி' மெதுவாக உருண்டு வரும்.

லித்துவேனியாவின் எவால்தாஸ் ஷிஷ்கெவிச்சியஸ் 2018-இல் அப்படித்தான் வந்தார். துடைப்ப வண்டியில் ஏற மறுத்து ஓட்டினார். பந்தயம் முடிகிற ரூபே திடலை அடைந்தபோது வாயிற்கதவையே பூட்டிவிட்டிருந்தார்கள். திறக்கச் சொல்லி உள்ளே போய்த் தன் சுற்றை முடித்தார். நேர வரம்பு கடந்துவிட்டதால் முடிவுப் பட்டியலில் இடம் கிடைக்கவில்லை. அடுத்த ஆண்டு, 2019-இல், அதே பந்தயத்தில் ஒன்பதாவதாக வந்தார். கடைசியாக வருகிறவருக்குக் கைதட்டும்போது, அடுத்த ஆண்டின் ஒன்பதாம் ஆளுக்குக் கைதட்டுகிறோமோ என்னவோ, யார் கண்டது?

மாத்யூ ஹேமனையும் சொல்லாமல் விட முடியாது. சுமார் ஆறு வாரங்களுக்கு முன் கை எலும்பு முறிந்தவர், அந்த 2016 பந்தயத்தில் எல்லாரும் டாம் போனனின் ஐந்தாவது வெற்றியை எதிர்பார்த்துக்கொண்டிருக்கையில் கடைசி ஓட்டத்தில் அவரை முந்தினார். போனன் வென்றிருந்தால் ரோஜர் தெ ஃப்லாமிங்கோடு பகிர்ந்திருக்கும் நான்கு வெற்றிச் சாதனையைக் கடந்திருப்பார். கோடு தாண்டிய ஹேமனின் முகத்தில் மகிழ்ச்சிக்கு முன் வந்தது நம்பமுடியாமை. போனன் ரசிகர்கள் நெஞ்சு வலியோடும் அவருக்குக் கைதட்டினார்கள்.

திடலில் பார்க்க நினைப்பவர்களுக்கு

ரூபேயின் பழைய ஓட்டத்திடல் திறந்தவெளி. 500 மீட்டர் சிமெண்ட் வட்டம். வீரர்கள் உள்ளே நுழைந்து ஒன்றரைச் சுற்று ஓட்டி முடிப்பார்கள். பெரிய திரையில் முழுப் பந்தயத்தையும் பார்க்கலாம். ஆனால் மதியத்துக்குள் இடம் பிடித்துவிட வேண்டும். கல்பாதை, திடல் இரண்டையும் ஒரே நாளில் பார்க்க முயலாதீர்கள், அவர்கள் உங்களைவிட வேகமாகப் போகிறார்கள். திடலில் ஒரு சிறப்பு உண்டு. 1990-இல் எடி பிளாங்கார்ட், ஸ்டீவ் பவர் இருவரையும் பிரித்தது ஒரே ஒரு சென்டிமீட்டர். 260 கிலோமீட்டரைக் கடந்து வந்து ஒரு சென்டிமீட்டரில் தோற்பது எப்படி இருக்கும் என்று அந்தக் கோட்டருகே நின்று எண்ணிப் பாருங்கள். வென்றவருக்குப் பரிசு, பீடத்தில் பதித்த ஒரு பாதைக்கல். பக்கத்திலேயே பழைய குளியலறை. சிமெண்ட் அறைகளில் வென்றவர்கள் பெயர்ப் பலகைகள்.

பெண்கள் பந்தயத்தைத் தவறவிடாதீர்கள். 2021-இல்தான் தொடங்கியது, நூற்றிருபத்தைந்து ஆண்டு தாமதமாக! முதல் வெற்றியாளர் லிசி டெய்க்னன் 80 கிலோமீட்டருக்கு மேல் தனியாக ஓட்டினார். முடிவில் அவர் சைக்கிளின் வெள்ளைக் கைப்பிடி நாடாவில் உள்ளங்கை இரத்தம் படிந்திருந்தது. 2025-இல் போலின் ஃபெரான்-பிரேவோ வென்றபோது உள்ளூர்க் கூட்டம் அடைந்த பூரிப்பு தனி. நாளும் நேரமும் மாறக்கூடும் என்பதால் அட்டவணையைப் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள்.

பந்தயம் முடிந்தபின் வாக்குவாதம் தொடங்கும். வறுவல் வண்டி வரிசையில், ரயிலில், எங்கும். 2006-இல் மூடிய ரயில்வே கேட்டைத் தாண்டியதற்காக இரண்டு, மூன்று, நான்காம் இடக்காரர்களைத் தகுதி நீக்கம் செய்தது சரியா என்று இன்றும் பேசுகிறார்கள். 2023-இல் கர்ஃபூரில் ஜான் டெகன்கோல்ப் விழுந்தது யாருடைய பிழை, வௌட் வான் ஆர்ட்டுக்கு அந்த நேரத்தில் பஞ்சர் ஆகாமலிருந்தால் என்னவாகியிருக்கும் என்றும்தான். கலந்துகொள்ளுங்கள், ஆனால் 'வெறும் அதிர்ஷ்டம்' என்று மட்டும் சொல்லாதீர்கள். எந்த டயர், எவ்வளவு காற்று, கூட்டத்தில் எத்தனையாவது ஆளாகக் கல்பாதைக்குள் நுழைந்தார் என்பதெல்லாம் பஞ்சருக்குக் காரணங்கள். முன்னால் நுழைந்தவருக்குக் கல் தெரியும். முப்பதாவது ஆளுக்குத் தெரிவது முன்னாலிருப்பவரின் முதுகு.

கடைசியாக ஒன்று. நினைவுக்காகக் கல்லைப் பெயர்த்து எடுத்துக்கொண்டு போகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு கல் போன இடத்தில் பக்கத்துக் கற்கள் தளர்ந்து, அடுத்த மழையில் குழியாகிவிடும். அடுத்த ஆண்டு யாரோ ஒருவரின் சக்கரம் அதில் இறங்கும். 'பாரி–ரூபேயின் நண்பர்கள்' என்ற தன்னார்வச் சங்கம் ஆண்டு முழுவதும் இந்தப் பாதைகளைச் செப்பனிடுகிறது. கல்லைத் தோண்டி எடுத்து, மணல் பரப்பி, மறுபடி அடுக்குகிறார்கள். 2024-இல் அரன்பேர் கற்களுக்கு நடுவே முளைத்த புல்லைத் தின்ன ஆடுகளைக்கூட விட்டார்கள். கல்மேல் ஆசை உள்ளவர்கள் அந்தச் சங்கத்தில் உறுப்பினராகலாம். பாரிசில் இருப்பவர்களும் சேரலாம், சந்தா கட்டினால் போதும்.